வெண்டது நானோ, வந்த தாளோ? ஒன்லைன் போக்கர் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ எல் பெடியளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கிய கிழமையே பின்வாங்கில் இருந்து யாராவது ஒருவன் போனைத் தூக்கிக்காட்டி, "சேர், இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்பான். 2019இல் நானும் காசு வைத்து ஒன்லைனில் விளையாடியவன். அதை வகுப்பில் மறைக்காமல் சொல்லியும் விட்டேன். அதற்குப் பிறகு பரந்தனில் இருந்தும் மல்லாவியில் இருந்தும் பழைய மாணவர்கள், அவர்களின் அண்ணன்மார், இரண்டொரு தாய்மார்கூட அழைத்துக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகுது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"போக்கர் எண்டா எங்கட முந்நூற்றிநாலு மாதிரியோ சேர்? எனக்கு ஒண்டும் தெரியாது, முதலில இருந்து சொல்லுங்கோ."

கொஞ்சம் மாதிரி, நிறைய வேறு. முந்நூற்றிநாலு என்ற எங்கட சீட்டாட்டத்தில் 32 தாளும் நாலு பேர் கைக்குப் போய்விடும். கூட்டாளி உண்டு, துரும்பு உண்டு, எட்டாவது பிடி விழும்போது எல்லாத் தாளும் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். போக்கரில் 52 தாள், கூட்டாளி கிடையாது. பெரும்பாலானோர் விளையாடும் ரெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஆளுக்கு இரண்டு தாள் மறைவாக வரும். நடுவில் ஐந்து தாள் எல்லோருக்கும் பொதுவாகத் திறபடும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் காசு கட்டலாம், மற்றவர் கட்டியதற்கு ஈடு வைக்கலாம், அல்லது தாளை எறிந்துவிட்டு ஒதுங்கலாம். மற்ற எல்லோரும் எறிந்துவிட்டால் நடுவில் கிடக்கிற காசு நிற்கிற ஆளுக்கு, அவர் கையில் குப்பை இருந்தாலும்.

கீழே இரண்டு சொல் அடிக்கடி வரும். ஒரு முறை தாள் பகிர்ந்து காசு ஒருவரிடம் போய்ச் சேரும் வரை நடப்பது ஒரு "கை". ஒவ்வொரு கையிலும் ஒருவர் தாளைப் பார்க்க முன்னமே கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை "பிக் பிளைன்ட்". 10 சத மேசையில் அது 10 சதம், 50 சத மேசையில் 50 சதம். எல்லாம் அமெரிக்க டொலர்க் கணக்கு. வெற்றி தோல்வியைக் காசில் சொல்லாமல் "100 கைக்கு இத்தனை பிக் பிளைன்ட்" என்று சொல்வதுதான் விளையாட்டுக்காரர் வழக்கம்.

"திறமையோ அதிஷ்டமோ? ஒரே சொல்லில சொல்லுங்கோ, பஸ் வருது."

இரண்டும். எத்தனை கையைப் பற்றிக் கேட்கிறாய் என்பதில்தான் பதில் இருக்கிறது.

ஒரு கையில் அதிஷ்டம்தான் பெரிய ஆள். உன்னிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். பொதுத்தாள் திறக்க முன்னமே இருவரும் இருக்கிற காசு முழுவதையும் வைத்தால் நீ வெல்வது நூற்றுக்கு 82 தடவைதான். மிச்சம் 18 தடவை அவன் அள்ளிக்கொண்டு போவான். அதற்காக அவன் கெட்டிக்காரன் ஆகிவிடமாட்டான். இரண்டு ஏஸ் வருவதே 221 கைக்கு ஒரு தடவை. ஆனால் எந்தத் தாளில் எறிவது, எவ்வளவு கட்டுவது, எதிராளி புளவ் அடிக்கிறானா, அதாவது கையில் ஒன்றுமில்லாமல் காசு கட்டி வெருட்டுகிறானா, என்று கண்டுபிடிப்பது எல்லாம் ஒவ்வொரு கையிலும் சிறுகச் சிறுகச் சேரும். அந்தச் சேர்மானம் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு காலம் செல்லும் என்பதுதான் மிச்சக் கேள்வி எல்லாம்.

"மூண்டு மாசமா நான் வெண்டுகொண்டுதான் இருக்கிறன். அப்ப எனக்குத் திறமை இருக்குத்தானே?"

இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும், கொஞ்சம் வெட்கமும் வரும். 2019இல் நான் என்னிடமே கேட்ட கேள்வி இது. மூன்று மாதம், 10 சத மேசையில் 14,000 கை. இலாபம் 112 டொலர், அப்போதைய விலையில் அண்ணளவாக 20,000 ரூபா. 100 கைக்கு 8 பிக் பிளைன்ட். நல்ல எண். ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு இரவும் எழுதி வைத்தேன், பச்சைப் பேனையால்.

கணிதம் படிப்பிக்கிறவன், நியம விலகல் (முடிவுகள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறும் என்ற அளவு) என்றால் என்னவென்று பலகையில் எழுதிக் காட்டுகிறவன், தன் கொப்பியில் மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நேரே 50 சத மேசைக்கு ஏறினேன். அங்கே 11,000 கையில் 712 டொலர் போனது. வென்ற 112ஐயும் கழித்தால் என் சொந்தக் காசு 600 டொலர், ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபா. வீட்டில் சொன்ன நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு ஆறுதலாக இருந்து பிக் பிளைன்டில் கணக்குப் பார்த்தேன். வென்றது 1,120. தோற்றது 1,424. மொத்தம் 25,000 கையில் நட்டம் 304 பிக் பிளைன்ட்! சின்ன வயதில் இருந்து முந்நூற்றிநாலு அடித்தவனுக்கு வந்த எண்ணைப் பாருங்கள். 100 கைக்கு ஒன்றேகால்கூட இல்லாத நட்டம். விளையாட்டில் ஏறக்குறைய சமனாக நின்ற நான், காசில் ஒரு லட்சம் தோற்றதற்குக் காரணம் வென்ற காலத்தில் சின்ன மேசையிலும் தோற்ற காலத்தில் பெரிய மேசையிலும் இருந்ததுதான்.

"சரி, எத்தனை கைக்குப் பிறகு நம்பலாம்? ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

ஒரு இலக்கம் சொல்ல முடியாது, ஆனால் இலக்கம் வரும் வழியைக் காட்டலாம். ஆறு பேர் இருக்கும் மேசையில் 100 கைக்கான முடிவின் நியம விலகல் பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடையில் பிக் பிளைன்ட் வரும். 90 என்று வைப்போம். நல்ல ஆட்டக்காரரின் உண்மையான வெற்றி வேகம் 100 கைக்கு 5 என்று வைப்போம். ஐந்தைத் தேடுகிறோம், சுற்றியுள்ள இரைச்சல் தொண்ணூறு. வட்டப்பளைப் பொங்கல் சனத்துக்குள் நின்று ஒருவர் காதில் குசுகுசுத்ததைக் கேட்கிற மாதிரி.

கைகள் கூடக் கூட இரைச்சல் குறையும், ஆனால் வர்க்கமூல வேகத்தில்தான் குறையும். 10,000 கை என்பது நூறு நூறாக 100 கட்டு. 90ஐ 100இன் வர்க்கமூலத்தால் பிரித்தால் 9. இருபக்கமும் இரண்டு நியம விலகல் விட்டால், உண்மையில் 5 உள்ளவரின் கொப்பியில் மைனஸ் 13இல் இருந்து பிளஸ் 23 வரை எதுவும் எழுதப்பட்டிருக்கலாம். அவர் 10,000 கைக்குப் பிறகும் நட்டத்தில் நிற்க நூற்றுக்கு 29 வாய்ப்பு. 100,000 கையில் அந்தப் 9 என்பது 2.85 ஆகும். அப்போதும் 5 உள்ளவர் மைனஸ் 0.7இலும் நிற்கலாம், 10.7இலும் நிற்கலாம். பத்து லட்சம் கைக்குப் போனால்தான் இரைச்சல் ஒன்றுக்குக் கீழே வரும்.

ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு 70 கை, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 100,000 கைக்கு இரண்டு வருடம் தேவை. இப்போது என் 14,000 கையைப் பாருங்கள். 140 கட்டு, இரைச்சல் 7.6, நான் வென்றது 8. திறமையே இல்லாமல் சமனாக நிற்கிற ஒருவருக்கும் ஏழில் ஒரு தடவை இப்படி வரும். பச்சைப் பேனை வேலைக்கு உதவவில்லை.

"பேஸ்புக்கில ஒருத்தர் மாசம் மாசம் வெண்ட ஸ்கிறீன்ஷொட் போடுறாரே. அது பொய்யோ?"

உண்மையாகவே இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். உயிரியலிலோ இரசாயனவியலிலோ ஏ எல் பகுதி ஒன்றில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. கேள்வியையே வாசிக்காமல் கண்ணை மூடிக் குத்தினால் சராசரி 10 சரி வரும். ஆயிரம் பேர் அப்படிக் குத்தினால் ஆறு பேர் அளவில் 18ஓ அதற்கு மேலோ எடுப்பார்கள். அந்த ஆறு பேரும் பெறுபேற்றைப் பேஸ்புக்கில் போடுவார்கள். எட்டு எடுத்தவன் போடமாட்டான்.

அந்த ஆறு பேரையும் திரும்ப ஒரு புதுத் தாள் எழுதச் சொன்னால் மறுபடி பத்துக்குக் கிட்ட வந்து நிற்பார்கள். ஸ்கிறீன்ஷொட் போடுகிறவரிடமும் கேட்க வேண்டியது இதுதான்: போட்ட பிறகு விளையாடிய கைகள் எப்படி? "இனி வரும் 20,000 கையையும், வெண்டாலும் தோத்தாலும், போடுவன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருவர் போட்டால் நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பார்ப்பேன்.

"ஒரு கணக்காளர் முதல் முறையிலயே உலகச் சம்பியன் ஆனவராமே? அப்ப எல்லாம் அதிஷ்டம்தானே?"

கிறிஸ் மனிமேக்கர். அமெரிக்கர், கணக்காளர். 2003இல் ஒன்லைனில் 86 டொலர் தகுதிச் சுற்று ஒன்றின் வழியாகப் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டிக்குள் போய், 839 பேருக்குள் முதலாவதாக வந்து 25 லட்சம் டொலர் வென்றார். ஒன்லைன் போக்கருக்கு உலகம் முழுக்கச் சனம் திரண்டதற்கு அந்த ஒரு வெற்றி பெரிய காரணம்.

ஒரு சுற்றுப்போட்டி முடிவு எதையும் நிரூபிக்காது, அவர் திறமைசாலி என்பதையும், இல்லை என்பதையும். ஒருவர் சராசரி ஆளைவிட இரண்டு மடங்கு வாய்ப்புள்ளவர் என்று வைத்தால்கூட, 839 பேர் போட்டியை 420 தடவைக்கு ஒருமுறைதான் வெல்வார். வருடத்துக்கு ஒரு போட்டி என்றால் எத்தனை பிறவி வேண்டும்? ஆகவே சுற்றுப்போட்டி ஆடுகிறவர்களின் பெறுபேறு, மேலே சொன்ன மேசை ஆட்டத்தைவிட இன்னும் மோசமான சாட்சி. பரிசுக் காசின் பெரும்பங்கு முதல் சில இடங்களில் குவிந்திருப்பதால் நல்லவர்களும் மாதக்கணக்கில் வெறுங்கையோடுதான் எழும்புவார்கள்.

ஒரு ஆளைப் பார்த்து முடிவெடுக்க ஏலாத இடத்தில் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லெவிற், தோமஸ் மைல்ஸ் இருவரும் 2010 உலகத் தொடரை அப்படிப் பார்த்தார்கள். போட்டிக்கு முந்தைய பதிவுகளை வைத்தே திறமைசாலிகள் என்று பிரிக்கப்பட்டவர்கள் போட்ட காசில் சராசரியாக 30 வீதத்துக்கு மேல் இலாபம் எடுத்தார்கள். மிச்சப்பேருக்குச் சராசரி 15 வீதத்துக்கு மேல் நட்டம். பிரித்த அளவுகோல் பழைய பதிவு. வென்ற பிறகு பிரித்திருந்தால் அந்த ஆய்வு பேஸ்புக் ஸ்கிறீன்ஷொட்டுக்குச் சமன்.

"நான் சரியாத்தான் விளையாடுறன், ஆனாத் தோக்கிறன். இதுக்கு என்ன சொல்லுறியள்?"

சரியாக விளையாடித் தோற்பது நடக்கும். இரணைமடுக் கீழ் வயல்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2018 டிசம்பர் வெள்ளம் காலபோகப் பயிரை மூடியபோது, நேரத்துக்கு விதைத்தவன் வரம்பையும் பஞ்சிப்பட்டவன் வரம்பையும் தண்ணி பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வருட மூடைக் கணக்கை வைத்து ஆர் நல்ல கமக்காரன் என்று சொல்ல ஏலாது.

ஆனால் "சரியாத்தான்" என்ற உங்கள் சொல்லை எப்படிச் சோதித்தீர்கள்? என் கொப்பியில் ஒரு கை. நடுவில் நாலு தாள் திறந்தாயிற்று. இன்னும் ஒரு ஹார்ட்ஸ் வந்தால் எனக்கு ஐந்து ஹார்ட்ஸ் சேரும், வராவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் 6 டொலர் கிடக்கிறது. எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 6 டொலரையும் வைக்கிறார். நான் 6 போட்டால் 18 டொலருக்கு ஆட்டம். போட்டேன். ஹார்ட்ஸ் விழுந்தது. கொப்பியில் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கீறியிருக்கிறேன்.

கணக்கு இதோ. நான் காணாத தாள் 46, அதில் ஹார்ட்ஸ் 9. வெல்ல நூற்றுக்கு 20 வாய்ப்புக்கூட இல்லை. 18இல் 6 போடுகிறவனுக்கு 33 வேண்டும். எதிராளியிடம் வேறு காசும் இல்லை, ஆகவே ஹார்ட்ஸ் விழுந்த பிறகு இன்னும் கறக்கலாம் என்ற சாட்டும் கிடையாது. அதே இடத்தில் அதே முடிவை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் சராசரியாக இரண்டரை டொலரை எறிகிறேன். நான் நட்சத்திரம் கீறியது என் பிழைக்கு.

அதனால் இப்போது கேட்பவர்களிடம் சொல்வது: முடிவெடுக்கக் கஷ்டமாக இருந்த கையை, கடைசித் தாள் திறக்க முன்னமே ஒரு வரி எழுது. "இவன் புளவ் அடிக்கிறான் எண்டு நினைக்கிறன், அதால ஈடு வைக்கிறன்." அடுத்த நாள் காலமை, வென்றாயா தோற்றாயா என்ற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் வாசி. ஆயிரம் கட்டு கை சேரும் வரை பெறுபேறு வாய் திறக்காது. உன் பிழை ஒரு கிழமையிலேயே தெரிந்துவிடும்.

"சைற்காரன்தான் தாளை மாத்துறான் சேர். எனக்கு ஏஸ் வந்தா எப்பவும் உடையுது."

எப்பவும் என்றால் எத்தனை? எழுதி வைத்தவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. 14,000 கையில் இரண்டு ஏஸ் ஏறக்குறைய 63 தடவை வரும். அதில் உடைந்த பத்தும் மனதில் முள்ளாக நிற்கும், சும்மா வென்ற ஐம்பதும் மறந்துபோகும். இரண்டு ஏஸ் இரண்டு கிங்கிடம் மூன்று தடவை தொடர்ந்து தோற்பது 170இல் ஒரு தடவை நடக்கிற சங்கதி. இலட்சக்கணக்கானோர் விளையாடும் இடத்தில் ஒவ்வொரு நாளும் யாருக்கோ நடந்தே தீரும்.

அதற்காக மோசடியே நடந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. 2007, 2008இல் அப்சொலூட் போக்கர், அல்டிமேற்பெற் என்ற இரண்டு தளங்களில் சில கணக்குகள் மற்றவர்களின் மறைவான தாளைப் பார்த்தபடி விளையாடியது பிடிபட்டது. பிடித்தவர்கள் பொலிஸ் இல்லை, விளையாட்டுக்காரர்கள். கைப் பதிவுகளைத் தோண்டி எடுத்து, எந்தத் திறமையாலும் அதிஷ்டத்தாலும் வர முடியாத அளவு வெற்றி வேகம் இருப்பதைக் காட்டினார்கள். மேலே போட்ட நியம விலகல் கணக்கின் மறுபக்கம் அது. உங்களுக்கும் சந்தேகம் என்றால் பதிவைத் தரவிறக்கி எண்ணுங்கள். எண்ணாத சந்தேகத்தைத் தேத்தண்ணிக் கடையில் வைத்திருங்கள்.

"நானும் அவங்களும் ஒரே தரம் எண்டா காசு கூடிக் குறைஞ்சு சமனாத்தானே நிக்கும்?"

நிற்காது, ரேக் இருக்கிறது. நடுவில் சேர்ந்த காசில் தளம் ஒரு பங்கை வெட்டும். ஐந்து வீதம், ஒரு உச்ச வரம்போடு, என்பது பரவலான முறை. 10 சத மேசையில் ஒரு கைக்குச் சராசரியாக 5 சதம் வெட்டுப்படுகிறது என்று வையுங்கள். ஆறு பேரும் அச்சொட்டாக ஒரே தரமென்றால் ஒவ்வொருவரும் 100 கைக்கு 8 பிக் பிளைன்ட் தோற்றுக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் வெல்லாத மேசை. ஆகவே சராசரி ஆளின் உண்மையான எண் பூச்சியம் அல்ல, அதற்கு நன்றாகக் கீழே. முற்றத்தில் பாய் விரித்து அடிக்கிற முந்நூற்றிநாலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வெட்டுப்படுவது பலகாரம் மட்டும்.

"இந்தியாவில கோர்ட்டே திறமை விளையாட்டு எண்டு சொல்லிட்டுதே. பிறகென்ன?"

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொன்னது உண்மை. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ அதிஷ்டமோ என்று பார்க்காமல், காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகள் முழுவதையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியதும் உண்மை. அமெரிக்காவில் 2012இல் நியூயோர்க் நீதிபதி ஒருவர் போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தார். அடுத்த வருடம் மேன்முறையீட்டில் அது மாறியது.

நீதிமன்றம் விசாரித்தது விளையாட்டை. நீங்கள் என்னிடம் கேட்பது உங்களைப் பற்றி. சதுரங்கம் முழுக்க முழுக்கத் திறமை விளையாட்டு. அதற்காக நான் விஸ்வநாதன் ஆனந்தோடு காசு கட்டி ஆடப் போவதில்லை.

"அதிஷ்டத்தை முழுக்கக் கழிச்சுப்போட்டுத் திறமையை மட்டும் அளக்க வழியில்லையோ?"

எனக்குப் பிடித்த கேள்வி. முழுக்கக் கழிக்க ஏலாது, பெரும்பங்கைக் கழிக்கலாம். ஒரு வழி, முழுக் காசும் வைத்த கைகளில் வந்த முடிவை விட்டுவிட்டு வரவேண்டிய சராசரியை எழுதுவது. ஏஸுக்கும் கிங்குக்கும் 100 டொலர் வீதம் வைத்து ஏஸ்காரர் தோற்றால், கொப்பியில் மைனஸ் 100. ஆனால் 200இல் 82 வீதம் 164, போட்டது 100, ஆகவே "நியாயக்" கணக்கில் பிளஸ் 64. கைகளைப் பதியும் மென்பொருள்கள் இந்தக் கோட்டைக் கீறித் தரும். ஆனால் உனக்குக் கிங்கும் அவனுக்கு ஏஸும் வந்ததே ஒரு துரதிஷ்டம். அதை இந்தக் கோடு கழிக்காது. ஆகவே அந்தக் கோடு மேலே போகிறது என்று துள்ளவும் வேண்டாம்.

இன்னொரு வழி, ஒரே தாளை இரண்டு பக்கமும் விளையாட வைப்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் கணினியை மனிதரோடு மோதவிட்டபோது அப்படித்தான் செய்தார்கள். ஒரு அறையில் மனிதருக்கு வந்த தாள் மற்ற அறையில் கணினிக்கு வரும். 2015இல் 80,000 கையில் மனிதர் ஏழு லட்சத்து 32 ஆயிரம் சில்லுக்கு (காசுக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸ்) மேல் முன்னணியில் நின்றார்கள், 100 கைக்கு 9 பிக் பிளைன்ட். அதையும் ஆய்வாளர்கள் புள்ளிவிபரப்படி சமநிலை என்றார்கள்! வென்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2017 ஜனவரியில் லிப்ராற்றஸ் என்ற அடுத்த நிரல் வந்தது. 20 நாள், 120,000 கை, நாலு தொழில்முறை ஆட்டக்காரர். கணினி 100 கைக்கு 14.7 என்ற வேகத்தில் வென்றது, வாக்குவாதத்துக்கு இடமே வைக்கவில்லை. 80,000 கையும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாளும் வைத்தே சண்டை தீரவில்லை என்றால், உங்கள் மூன்று மாதம் எம்மாத்திரம்?

நாங்கள் ஒருக்கால் வட்டக்கச்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் முந்நூற்றிநாலை இப்படி ஆடிப் பார்த்தோம். இரண்டு பாய். ஒரு பாயில் வடக்குப் பக்கம் வந்த எட்டுத் தாளை எழுதி, ஒரு சின்னப் பெடியன் மற்றப் பாயில் கிழக்குப் பக்கத்துக்கு அடுக்கிக் கொடுத்தான். இருபது ஆட்டம் முடிய நடுச்சாமம். "கைராசிக்காரர்" என்று ஊரே சொல்லும் ஒரு பெரியவர், அதே தாளை வைத்து மற்றப் பாயில் ஆடியவரைவிடக் குறைவாகத்தான் எடுத்திருந்தார். இருபது ஆட்டம் காணாது என்று நான் சொல்லி முடிக்க முன்னம் அவர் சைக்கிளை எடுத்துவிட்டார்.

"தம்பி, என்ரை மகன் இது தொழில் எண்டுறான். பொய் சொல்லுறானோ எண்டு நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது. அம்மா, அவன் பொய் சொல்லவேண்டும் என்றில்லை, நம்பியே சொல்லலாம். நானும் நம்பினேன். "எவ்வளவு வெண்டாய்" என்று கேட்காதேங்கோ. "எத்தனை கை, எந்த மேசை, இதுவரை போட்ட காசு எவ்வளவு, வெளியில எடுத்தது எவ்வளவு" என்று கேளுங்கோ. தொழிலாகச் செய்கிறவன் கொப்பியையோ கோப்பையோ திறந்து அரை நிமிடத்தில் காட்டுவான். கடை வைத்திருக்கிறவனுக்குக் கொள்முதல் தெரியாமல் இராது.

ஆனால் கடன் வாங்கி விளையாடுகிறான், நகை அடகுக்குப் போயிற்று, தோற்றதைப் பிடிக்க விடிய விடிய இருக்கிறான், கேட்டால் சீறுகிறான் என்றால் திறமையா அதிஷ்டமா என்ற பேச்சை அதோடு விட்டுவிடுங்கோ. அது வேறு வருத்தம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

"சேர், உங்கட கணக்குப்படியே பார்த்தா எனக்குத் திறமை இல்லையெண்டும் நீங்கள் சொல்ல ஏலாதுதானே?"

அந்த அம்மாவின் மகன். கோப்போடு வந்தான், 9,000 கை, 25 சத மேசை, 100 கைக்கு மைனஸ் 6. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

ஓம், ஏலாது. 90 கட்டு, இரைச்சல் ஒன்பதரை. மைனஸ் 6 என்பது நல்ல ஆட்டக்காரனுக்கும் வரும், கெட்ட ஆட்டக்காரனுக்கும் வரும். என் 25,000 கையும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: பதில் தெரிய ஒரு லட்சம் கை வேண்டும். 25 சத மேசையிலும் ஒரு லட்சம், 2 சத மேசையிலும் ஒரு லட்சம். 2 சதத்தில் ஆட்கள் தரம் குறைவு, ரேக் ஒப்பளவில் கனதி, அதெல்லாம் உண்மை. ஆனாலும் உன் தரம் மைனஸ் 6 என்றே வைத்தால், 25 சதத்தில் அந்தப் பதிலின் விலை 1,500 டொலர். 2 சதத்தில் 120. எந்தக் கடையில் வாங்கப் போகிறாய்?

கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப ஒருக்கால் தட்டிப் பார்த்தான். இப்போது 2 சத மேசையில் இருக்கிறான், தாயாருக்குத் தெரிந்து, காசு தாயாரின் கையால். போன கிழமை அனுப்பிய கோப்பில் 31,000 கை. வென்றானா தோற்றானா என்ற நிரலை அவனே மறைத்து அனுப்பியிருந்தான்.